இட்லிக் கொப்பரையில் ஒட்டிய கருவி

பேட்டரியே வேண்டாத கருவி ஒன்றைச் செய்துவிட்டு, அதை வீட்டில் ஒரு மாதம் பேட்டரி மாட்டியே சோதித்த மேதை நான்.

கொப்பரையின் சூட்டிலிருந்து மின்சாரம் எடுத்து, பன்னிரண்டு நிமிடம் எண்ணி, இட்லி வெந்ததும் அது கூவ வேண்டும். தாராவியில் சைக்கிள் வியாபாரிகளுக்கு இட்லி அவித்துக் கொடுக்கும் செல்வியக்காவின் கொப்பரையில் அதை ஒட்டினேன். "இனி நீங்க அடுப்பையே பார்க்க வேண்டாம்" என்றேன். அவரும் நம்பிச் சட்னி அரைக்கப் போனார்.

கிடைத்த மின்சாரம் சில நொடிகளுக்குத்தான் போதுமானதாக இருந்தது. கருவி அணைந்தது, விழித்தது, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணியது. எண்ணியதைக் குறித்து வைக்க நான் அதற்குச் சொல்லித்தரவே இல்லை.

திடீரென்று அக்கா ஓடிவந்து அடுப்பை அணைத்தார். "காசு சத்தம் நின்னுடுச்சே, கவனிக்கலையா?"

கொப்பரைக்குள் ஒரு நாணயம் கிடந்ததாம். தண்ணீர் கொதித்தால் கடகடக்கும், வற்றினால் நின்றுவிடும். அதுவும் சூட்டில்தான் ஓடுகிறது, ஆனால் எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. இதை நினைத்து இன்னும் வியக்கிறேன்.

கீழ்த்தட்டு இட்லி கருகியிருந்தது. வாசலில் வியாபாரி கத்தினார்: "ஜல்தி அக்கா, ஆபீஸ் கூட்டம் போயிரும்!"

"சரி பண்ணி நாளைக்கே கொண்டு வரேன்க்கா. எந்தக் கொப்பரையில வைக்கட்டும்?"

"ஒங்க வீட்டுக் கொப்பரையில."