கரையேறாத கரடிக்குட்டி

பதிப்பகத்துக்கு வந்த சிறுவர் கதை ஒன்றின் கடைசிப் பத்தியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு டீயை எடுத்தேன். ஏலக்காய் மணத்தது.

போடியில் அம்மா ஏலக்காய் தரம் பிரித்த கிட்டங்கிக்குப் பள்ளி விட்டதும் ஓடுவேன். அம்மாவின் கை காயைப் பொறுக்க, வாய் எனக்குக் கதை சொல்லும். முறத்தில் காய் தீர்ந்தால் கதையும் நின்றுவிடும். அங்கே அதுதான் வழக்கம். ஒருநாள் கதையில் கரடிக்குட்டி ஆற்று வெள்ளத்தில் சிக்கியிருந்தது.

"கரையேறுச்சாம்மா?"

"முறம் காலி. மிச்சத்த நீயே சொல்லிக்க."

அழுதேன். கணக்குப்பிள்ளையே, "சொல்லித் தொலையேன் ஆத்தா" என்றார். அம்மா மசியவில்லை.

"முடிவ வெட்டிட்டீகளே, பிள்ளைக ஏங்கிப்போகாதா?" என்றார் எதிரில் உட்கார்ந்திருந்த, அந்தச் சிறுவர் கதையின் எழுத்தாளர்.

"ஏங்கட்டும்," என்றேன்.

அந்தக் குட்டியைக் கரையேற்றத்தான் நானும் இத்தனை புத்தகம் எழுதினேன். இன்னும் அது தண்ணீரில்தான் கிடக்கிறது.