கத்தி படாத பலகை

போன வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு என் அடுக்களை மேடையில் ஒரு மரப்பலகை இருந்தது. அதன் மேல் ஒரு பீட்ரூட். கையில் கத்தியோடு, வெட்ட மனம் வராமல் நான் நின்றுகொண்டிருந்தேன். அப்போது போன் அடித்தது. திரையில் கோமதிநாயகம் அண்ணாச்சியின் பெயர். எடுத்த எடுப்பில், "வெட்டியாச்சு அண்ணாச்சி, அதான் அப்பமே சொன்னேம்லா" என்றேன். பேசியது அண்ணாச்சி இல்லை, அவர் மனைவி, எங்கள் மதினி. "தம்பி, கொஞ்சம் இங்கன வாங்க. இவுக கண்ணைத் தொறக்க மாட்டேங்காக" என்றார்கள்.

இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஓடினேன். எனக்கு முன்பே பக்கத்துத் தெரு டாக்டர் வந்திருந்தார். செருப்பு மாட்டக் குனிந்த அண்ணாச்சி அப்படியே சாய்ந்துவிட்டாராம். டாக்டர் எழுந்து நின்று தலையை ஆட்டினார். யாரோ என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். கத்தியோடு தெருவில் ஓடி வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அன்று காலை ஆறரைக்கு ஐந்தருவிச் சாலை டீக்கடையில் என்னோடு நின்று டீ குடித்த மனிதர். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. காலை நடையில், சாரலில் குடையை விரிக்காமல் நம் எல்லாரையும் முந்திக்கொண்டு நடந்தவர். நான்கு மணி நேரத்தில் அவரை எப்படிக் கூடத்தில் கிடத்த முடியும்? இதை எழுதும்போதும் எனக்குப் பிடிபடவில்லை.

மேலகரத்திலிருந்து தினமும் அவரோடு நடந்த உங்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. காவல்துறையில் விரல்ரேகைப் பிரிவில் இருந்தார். ஓய்வு பெற்றதும் தன் காரைத் தெருவிலிருந்த வேப்பமரத்தடிக்குத் துரத்திவிட்டு, கார் ஷெட்டைப் பட்டறை ஆக்கினார். செங்கோட்டை மரக்கடைகளில் கழித்துப்போட்ட துண்டுகளைப் பொறுக்கி வருவார். கருப்புக்கு ஈட்டி மரம், மஞ்சளுக்குப் பலா, வெள்ளைக்கு ரப்பர் மரம். பட்டை பட்டையாக அறுத்து, பசை போட்டு ஒட்டி, கிளாம்ப் வைத்து இறுக்கி, ஒருநாள் முழுக்கக் காயவைப்பார். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், தேன்மெழுகு பூசுவார். கடைசியில் வருவது காய் நறுக்கும் பலகை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது பத்தமடைப் பாயை மரத்தில் செய்ததுபோல இருக்கும்.

நம் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒன்று கொடுத்தார். நாம் செய்த அநியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் வீட்டிலும் அதன்மேல் கத்தி படவில்லை. ஒருவர் ஷோகேஸில் பேரனின் கேடயத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஒருவர் ஆணி அடித்துச் சுவரில் மாட்டினார். இன்னொருவர் வீட்டில் அது பூஜை அலமாரிக்கே போய்விட்டது. அதைப் பார்த்த அன்று அண்ணாச்சி நடைபாதையில் நின்று கத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். "ஏன்வே, வெட்டுத பலகைக்குச் சந்தனப் பொட்டா? அதுக்குச் சூடம் வேற காட்டுவீரோ?" நாம் சிரித்தோம். அவரும் சிரித்தார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

என் வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? என் மனைவி மீனாவுக்குத் தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் நறுக்கினால்தான் கை ஓடும். பலகை ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் நின்றது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சாயங்காலம் வாரேன். பலகை எப்படி உழைக்குன்னு பாக்கணும்" என்று அண்ணாச்சி சொன்னார். எனக்குப் பயம் வந்துவிட்டது. பொய் சொன்ன பிள்ளைகளை முட்டிபோட வைத்த பள்ளிக்கூட வாத்தியார் நான். கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பலகையில் கத்தியால் இருபது முப்பது கோடு கிழித்தேன்.

அவர் காபி குடித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ரேகை பார்க்கும் லென்ஸை எடுத்தார். பலகையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"வாத்தியாரே, இது எல்லாம் ஒரே நாள்ல, ஒரே அவசரத்துல போட்ட கோடு. ஒரு கோட்டுலகூட காயோட ஈரம் ஏறலை."

மீனா சிரித்துவிட்டாள். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை. லென்ஸை மெதுவாகத் துணியில் சுற்றினார். "முப்பத்தஞ்சு வருஷம் களவு போன வீட்டுக் கதவுலயும், செத்தவன் குடிச்ச தம்ளர்லயும் ரேகை பாத்திருக்கேன்வே. நிம்மதியா சமைச்ச ஒரு கையோட தடத்தை ஒரு தடவை பாக்கணும்னுதான் இதைச் செய்யுதேன். அது என்னமோ எவனும் காட்ட மாட்டேங்கான்" என்றார். பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். தட்டில் வைத்த முறுக்கு அப்படியே இருந்தது.

போன புதன்கிழமை நடக்க வரும்போது அதைத் திரும்பக் கொண்டுவந்தார். என் கோடுகளையெல்லாம் இழைத்து எடுத்து, புதிதாக மெழுகு பூசியிருந்தார். முன்பைவிடக் கொஞ்சம் மெலிந்திருந்தது. வெள்ளைப் பட்டை பால்போல இருந்தது. "நாளைக்கு மத்தியானம் உம்ம வீட்டுலதான் சாப்பாடு. பீட்ரூட் வாங்கி வையும். கோடுன்னா போட்டிருவீரு, கறையை எப்படிப் போடுவீரு?" என்று சொல்லிவிட்டு, அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

வியாழக்கிழமை பீட்ரூட்டைக் கழுவி வைத்தேன். மீனா எட்டிப் பார்த்து, "இந்த வெள்ளையில போயி பீட்ரூட்டையா? எப்படித்தான் மனசு வருதோ ஒங்களுக்கு" என்றாள். எனக்கும்தான் வரவில்லை. பத்து மணிக்கு அண்ணாச்சி போன் செய்தார். "என்ன வாத்தியாரே, வெட்டியாச்சா?" என்று கேட்டார். "வெட்டியாச்சு அண்ணாச்சி" என்றேன். "வந்து பாக்கேன்" என்று வைத்துவிட்டார்.

அவரிடம் நான் கடைசியாகப் பேசியது ஒரு பொய். வியாழக்கிழமை முழுவதும் எனக்கு அழுகை வரவில்லை. காதுக்குள் அந்த ஒரு வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் அவர் மகன் பட்டாளத்திலிருந்து வந்து சேர்ந்தான். சிற்றாற்றங்கரையில் தகனம் முடிந்தது. சனிக்கிழமை துட்டி நடந்த அண்ணாச்சி வீட்டுக்குச் சாப்பாடு கொடுப்பது எங்கள் முறை. பலகை வைத்த இடத்திலேயே இருந்தது. பிரிட்ஜில் இருந்த பீட்ரூட்டை நான் எடுப்பதைப் பார்த்த மீனா, அரிவாள்மனையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். வெட்டினேன். தோலைச் சீவி, வட்டமாக நறுக்கி, பிறகு பொடிப்பொடியாக நறுக்கினேன். சாறு ஓடி அந்த வெள்ளைப் பட்டையில் ஊறியது. அப்போதுதான் அழுதேன். மீனா கத்தியை வாங்கி மீதியை நறுக்கினாள்.

சோற்றையும் பொரியலையும் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டேன். பலகையை ஒரு துண்டில் சுற்றி உடன் கொண்டுபோனேன். மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பத்து மணிப் பொய் உட்பட.

"நானும் வெட்டுனதில்ல தம்பி" என்றார்கள். "எனக்குச் செஞ்சு தந்தது பீரோவுல சேலைக்கு அடியில இருக்கு. கேட்டா, நல்ல நாள்ல எடுக்கேன்னு சொல்லிட்டே இருந்தேன்."

பிறகு சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். "ஒங்ககிட்ட பேசி வச்சிட்டு ஒரே சிரிப்பு. 'வாத்தியார் இன்னும் வெட்டலை, குரல்லயே தெரியுது. நான் போயி பக்கத்துல நின்னாத்தான் வெட்டுவாரு'ன்னாக. அதுக்குத்தான் பன்னெண்டு மணிக்குப் போக வேண்டியவுக, அப்பமே சட்டையை மாட்டிட்டுக் கெளம்புனாக."

மதினி எழுந்து உள்ளே போனார்கள். அவர் அன்று போட்டிருந்த சட்டையின் பையிலிருந்த லென்ஸைக் கொண்டுவந்தார்கள். பலகையை வாங்கி மடியில் வைத்து, அண்ணாச்சி செய்வதுபோலவே ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார்கள். லென்ஸ் வழியாக வெகுநேரம் பார்த்தார்கள். விரலால் கறையைத் தேய்த்துப் பார்த்தார்கள். அது போகவில்லை.

"இது நெசம் தம்பி" என்றார்கள்.

உங்கள் வீட்டில் இருக்கும் அண்ணாச்சியின் பலகைகளைச் சுவரிலிருந்தும் அலமாரியிலிருந்தும் இறக்குங்கள். இன்றைக்கே எதையாவது வைத்து நறுக்குங்கள். என் பலகை இப்போது அடுக்களை மேடையில்தான் கிடக்கிறது. வெங்காயம், கத்தரிக்காய், எல்லாம் அதில்தான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பலகையும், அதன் நடுவில் சிவந்துபோன ஒரு வெள்ளைப் பட்டையும். வியாழக்கிழமை பத்து மணிக்கு அவர் கேட்டபோதே அது சிவந்திருக்க வேண்டியது.