ஒரு சூளைக்கு ரெண்டு மேஸ்திரி

ஜாஹிரா மெமரித் தகட்டை மேசைமேல் வைத்து, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து இது மூன்றாவது முறை. துகளை ஊதித் தள்ளிவிட்டு, தகட்டைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் அதன் இடத்தில் அழுத்திச் செருகி ஸ்விட்சைப் போட்டாள். பெட்டி ஒருமுறை பீப் என்றது. திரையில் வெள்ளை எழுத்துகள் குடுகுடுவென்று ஓடின. கடைசியில் பழைய வரியே வந்து நின்றது: வட்டு இல்லை, வேறு வட்டைப் போட்டு எண்டரை அழுத்து.

"கண்ணெதிர்ல இருக்குது. நான் பாக்கறேன், நீங்க பாக்கறீங்க. இதுக்கு மட்டும் தெரியல," என்றாள் என்னிடம்.

இது நடந்தது இரண்டாயிரத்து இரண்டு ஜூனில், ஒரு வியாழக்கிழமை. மறுநாளோடு உத்திரமேரூர் தாலுகா ஆபீசில் ஜமாபந்தி முடிகிறது. வருஷத்துக்கு ஒருமுறை மேலதிகாரி வந்து உட்கார்ந்து, நிலம், வீட்டுமனை என்று ஜனங்கள் கொடுக்கும் மனுவை நேரில் வாங்கும் நாள்கள் அவை. தவறவிட்டால் அடுத்த வருஷம்தான்.

மானாம்பதிக்கு வெளியே ஏரிக்கரையை ஒட்டி இருக்கும் இருளர் குடும்பங்கள் முப்பத்தொன்பது. செங்கல் சூளையில் கொத்தடிமையாகக் கிடந்து, முந்தின வருஷம்தான் விடுதலைச் சான்று வாங்கி வெளியே வந்தவர்கள். குடிசை போட்டிருக்கும் இடத்துக்குப் பட்டா கேட்டு ஒரே மனுவாகக் கொடுக்க வேண்டும் என்று கண்ணகி முடிவு செய்தாள். அந்தக் குடியிருப்பில் ஆபீசுக்குள் தயங்காமல் நுழையக்கூடியவள் அவள் ஒருத்திதான். நான் அந்தப் பக்கம் இருபத்தெட்டு வருஷம் கிராம நர்ஸாக இருந்தவள். பாதிப் பேருக்கு வயது தெரியாது, எனக்குத் தெரியும். அதனால் என்னையும் கூப்பிட்டுக்கொண்டாள்.

மனு அடிக்க ஜாஹிராவை விட்டால் ஆள் கிடையாது. அவள் அப்பா அஹமது பாட்சா, உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் குடையும் ரெக்சின் பையும் ரிப்பேர் செய்கிறவர். வந்தவாசியில் கட்டிக்கொடுத்த மகள் இரண்டு வருஷத்தில் திரும்பி வந்தபோது, கடையின் நடுவில் பிளைவுட் தடுப்பு அடித்துப் பாதியை அவளுக்குக் கொடுத்துவிட்டார். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் "ஒத்து வரல" என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் தோண்டியவர்களிடம், "எத்தினி காப்பி வேணும்?" என்று கேட்டாள். டைப்ரைட்டிங்கில் தமிழும் ஆங்கிலமும் ஹையர் பாஸ் செய்தவள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப்போட்டு, ஒரு நோட்டும் வைத்துக்கொண்டாள். மெக்கானிக் வந்து ஏதாவது செய்தால் செய்ததை அப்படியே எழுதி, படமும் போட்டு வைப்பாள். அடுத்தமுறை அவனைக் கூப்பிடாமல் தானே செய்யலாமே என்ற கணக்கு.

அப்படிப்பட்டவள் இந்த மனுவில் மட்டும் எதையும் பேப்பரில் எழுதவில்லை. மூன்று நாள் ஜனங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்து, பெயர், வயது, எந்தச் சூளை, எத்தனை வருஷம், சான்று எண், ரேஷன் கார்டு எண் என்று சொல்லச் சொல்ல, நேராகக் கம்ப்யூட்டரில் அடித்துவிட்டாள். கைநாட்டு மட்டும் தாளில். ஒன்று முதல் முப்பத்தொன்பது வரை எண், எண்ணுக்கு எதிரே ஒரு நீலக் கட்டைவிரல். பெயர்தான் பட்டியலில் இருக்கிறதே என்று எண்ணோடு நிறுத்தியிருந்தாள். புதன்கிழமை சாயங்காலமே பாதிப் பேர் சவுக்கு வெட்டச் செய்யூர் பக்கம் போய்விட்டார்கள். ஃபிளாப்பியில் ஒரு நகல் எடுத்திருந்தாள். அதில் பூஞ்சை பிடித்து, கரகரவென்று சத்தம்தான் வந்தது.

ஆகக்கூடி, வியாழக்கிழமை மத்தியானம் எங்கள் கையில் இருந்தது பெயரில்லாத முப்பத்தொன்பது கட்டைவிரல்.

கண்ணகி ஸ்டூலில் உட்கார்ந்து அந்தத் தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது வீராசாமி. அச்சுல மாட்டி நுனி நசுங்கிக் கீது. இது அம்முலு, கொய்ந்த வெரலாட்டம் கீது பாரு. இது நான்." ஏழு பேரைக் கண்டுபிடித்தாள். பிறகு தாளை மடியில் வைத்துவிட்டாள். "மீதி எல்லாம் ஒரே மாரி கீது நர்சம்மா."

எனக்குப் பதினெட்டுப் பேருடைய வயது நினைவில் இருந்தது. அதனால் என்ன பிரயோசனம்? எந்த எண் யாருடையது என்று தெரியாது. ரேஷன் கார்டு எண்ணை யார் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்?

"ஏன் ஜாயிராம்மா, நீ அடிச்சது உள்ளாற கீதா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு," என்றாள் கண்ணகி.

"இருக்கும்."

"இருக்கும்னா இன்னா அர்த்தம்?"

"வூடு இருக்குது, கதவு தொறக்கல."

"கதவ ஒடச்சிடு."

"ஒடச்சா உள்ள இருக்கறதும் போயிரும். கொஞ்சம் சும்மா இரு கண்ணகி."

பெட்டிக்கு மூடி கிடையாது. சூட்டுக்காக அவள் கழற்றிப் போட்டு ஒரு வருஷம் ஆகிறது. வாரத்துக்கு ஒருநாள் அவள் அப்பா சின்ன பிரஷ்ஷால் உள்ளே தூசி தட்டுவார். முந்தின நாள் சாயங்காலமும் தட்டியிருந்தார். காலையில் கம்ப்யூட்டர் வராதபோது அவள் கேட்ட முதல் கேள்வியே அதுதான்: "அத்தா, நீ எதையாச்சும் இழுத்தியா?" அவர் தூசி மட்டும் தட்டினேன் என்றார். பிரஷ் பட்டு ஏதோ நழுவியிருக்கும் என்று அவள் பட்டை ஒயரைப் பிடுங்கிச் செருகினாள், மின்சார ஒயரை மாற்றினாள், செருகும் இடத்தையெல்லாம் பஞ்சால் துடைத்தாள். அடித்ததெல்லாம் பதிந்திருக்கும் ஹார்டு டிஸ்க்கின்மேல் உள்ளங்கையை வைத்து, நான் குழந்தைக்குச் சுரம் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"சுத்துது. உயிர் இருக்குது," என்றாள். அந்தச் சந்தோஷமும் ஸ்விட்சைப் போடும்வரைதான்.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பாய் எட்டிப் பார்த்தார். "காலையில நாஷ்டா கூட திங்கல நீ. ரெண்டு பன்னு வாங்கியாரட்டுமா?"

"அத்தா, பேஜார் பண்ணாத. போய் உன் வேலையப் பாரு."

அவர் போய்விட்டார். ஒரு மணிக்கு ஒருதரம் எட்டிப் பார்ப்பதும் திட்டு வாங்கிக்கொண்டு போவதுமாக இருந்தார்.

நாலு மணிக்கு அவள் பக்கத்து பூத்துக்குப் போய்க் காஞ்சிபுரத்து மெக்கானிக் அப்துல் பாசித்துக்குப் போன் செய்தாள். பொங்கல் சமயத்தில் இந்தக் கம்ப்யூட்டருக்கு சிடி டிரைவ் போட்டுக்கொடுத்தவன் அவன்தான். திரும்பி வந்தபோது அவள் முகம் செத்துக் கிடந்தது.

"ஹார்டு டிஸ்க் போயிருக்கும்க்கான்றான். சனிக்கிழமை வந்து புதுசு போட்டுத் தர்றானாம். உள்ள இருக்கறதுன்னு கேட்டா, அது போனதுதான்க்கான்றான். அவன் வூட்டுப் பொருளா?"

"வேறெதுவும் சொல்லலியா?" என்றேன்.

"ஓடற எழுத்த எப்படி நிறுத்தறதுன்னு நான்தான் கேட்டேன். அதுக்கு ஒரு பொத்தான் இருக்குதாம், கீபோர்டு மேல் வரிசையில. இத்தினி நாளா எனக்குத் தெரியாது."

உட்கார்ந்தாள். ஸ்விட்சைப் போட்டு, எழுத்து ஓடத் தொடங்கியதும் அந்தப் பொத்தானை அழுத்தினாள். இரண்டு தடவை எழுத்து முந்திவிட்டது. மூன்றாம் தடவை திரை நின்றது. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். பிறகு நோட்டை எடுத்து, பொங்கல் மாசத்துப் பக்கத்தைத் திருப்பினாள். அன்று பாசித் திரையை நிறுத்தி வைத்திருந்தபோது அதை அப்படியே எழுதியிருந்தாள். எப்படி நிறுத்தினான் என்று கேட்கத்தான் அன்றைக்குத் தோன்றவில்லை.

"நர்சம்மா, இத கேளுங்க. அன்னைக்கு மொத வரி, பிரைமரி மாஸ்டர், ஹார்டு டிஸ்க். ரெண்டாவது வரி, பிரைமரி ஸ்லேவ், சிடி. இன்னைக்கு மொத வரியில சிடி. ரெண்டாவதுல ஒண்ணும் இல்ல."

"அப்படின்னா?"

"ஹார்டு டிஸ்க் எடத்துல சிடி ஏறி உக்காந்துக்கினு இருக்குது. அது எப்படி ஏறும்?"

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பெட்டிக்குள் தலையை விட்டாள். சிடி டிரைவின் முதுகில் ஆறு சின்னக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் இரண்டின்மேல் அரிசி அளவில் ஒரு கறுப்புத் தொப்பி. பாசித் அதை எங்கே வைத்தான் என்று நோட்டில் படம் இருந்தது. படத்தில் நடுவில், டிரைவில் ஓரத்தில். டார்ச்சைக் கீழே வைத்தாள்.

"அத்தா. இங்க இருந்த கறுப்புத் தொப்பிய நீ தொட்டியா?"

தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது. "எந்தத் தொப்பி?"

"அரிசி மாரி இருக்கும்."

"அதுவா. நேத்து தூசி தட்டறப்ப மாத்தி வச்சேன்." பாய் எழுந்து வந்தார். "அது வச்சிருந்த எடத்துல ஸ்லேவ்னு போட்டிருந்திச்சு."

"போட்டிருந்தா?"

"ஸ்லேவ்னா அடிமைம்மா. மூணு நாளா அந்தப் பக்கம் குந்திக்கினு இவங்க சொன்னதெல்லாம் கேட்டேன். கொத்தடிமை, கொத்தடிமைன்னு ஒவ்வொருத்தரும் சொல்றாங்க, நீயும் படிச்சுக் காட்டறே. எனக்கு ஒரு மாரி ஆயிட்சு. நம்ம கடைக்குள்ள ஒரு பொருளு எதுக்கு அடிமைன்னு பேர் வச்சிக்கினு கெடக்கணும்? பக்கத்துலயே மாஸ்டர்னு ஒண்ணு காலியா இருந்திச்சு. குடை இடுக்கியால எடுத்து அதுல வச்சேன். கரெக்டா பொருந்திச்சு."

"பொருந்தாம இன்னா பண்ணும்? எல்லாம் ஒரே கம்பி." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "காலையில கேட்டேனே. தூசி மட்டும் தட்டுனேன்னு சொன்னியே."

"தூசி தட்டறப்பதானேம்மா செஞ்சேன்."

கண்ணகி எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா ஆச்சு? யாராச்சும் சொல்லுங்க."

"இந்தப் பட்டை ஒயர்ல ரெண்டு சாமான் மாட்டியிருக்குது," என்றாள் ஜாஹிரா. "ஒண்ணு மாஸ்டரா இருக்கணும், இன்னொண்ணு அது பின்னாடி போவணும். ரெண்டையும் மாஸ்டர்னு வச்சிட்டாரு."

"மேஸ்திரியா?"

"மாஸ்டர்."

"அத்தத்தான் நானும் சொல்றேன். ஒரு சூளைக்கு ரெண்டு மேஸ்திரி போட்டா, ஒருத்தன் மண்ண கொழைன்றான், இன்னொருத்தன் கல்ல அடுக்குன்றான். நாங்க குந்திக்கினு பீடி குடிப்போம்."

"அதேதான். இது பீடி குடிச்சிக்கினு இருக்குது."

கண்ணகி பாயின் பக்கம் திரும்பினாள். "எங்களுக்கு எரக்கப்படப் போயி எங்க பேரையே தொலைக்கப் பாத்தியே பாய்."

பாய் சட்டைப்பையைத் தடவி இடுக்கியை எடுத்து மகளிடம் நீட்டினார்.

ஜாஹிரா தொப்பியைப் பழைய இடத்தில் வைத்தாள். ஸ்விட்ச். பீப். எழுத்து ஓடியது. முதல் வரியில் ஹார்டு டிஸ்க் வந்ததை எனக்கும் படித்துக் காட்டினாள். விண்டோஸ் படம் வர எப்போதும்போல நேரம் எடுத்துக்கொண்டது. அவள் பட்டியலைத் திறந்தாள்.

"நாலாம் நம்பர் யாருன்னு பாரு," என்றாள் கண்ணகி, தாளை விரித்து வைத்துக்கொண்டு.

"வீராசாமி. நாப்பத்தாறு வயசு."

"சரிதான். பதினொண்ணு?"

"அம்முலு."

அவள் பிரிண்டருக்குத் தாள் மாட்டப் போனாள். கரண்ட் போய்விட்டது. மணி ஆறேகால்.

ஏழரை வரை உட்கார்ந்து பார்த்தோம். மின்வாரிய ஆபீசுக்கு ஆள் போய்க் கேட்டு வந்தான், டிரான்ஸ்பார்மராம், காலையில்தானாம். கண்ணகி கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள். "உள்ளாற கீதுல்ல? அது போதும்," என்று ஓடிக்கொண்டே சொன்னாள். ஜாஹிராவுக்குப் போதவில்லை. பெட்டியைப் பெட்ஷீட்டால் மூடி, அப்பாவைப் பார்த்து, "யாரும் தூசி தட்ட வேணாம்," என்றாள்.

மறுநாள் காலை ஐந்தரைக்குக் கரண்ட் வந்தது. பாய் தொழுகை முடித்து வந்து கடையைத் திறந்தார். நான் ஆறரைக்குப் போனபோது பிரிண்டர் கத்திக்கொண்டிருந்தது. நாலு காப்பி எடுத்தாள். நான் வயதுகளைச் சரிபார்த்தேன், இரண்டு திருத்தம். எட்டரைக்குக் கண்ணகி வந்தாள். கைநாட்டுத் தாளில் வெறும் எண் இருந்தால் ஆபீசில் கேள்வி கேட்பார்கள் என்று, ஒவ்வொரு கட்டைவிரலுக்கும் பக்கத்தில் ஜாஹிரா பேனாவால் பெயர் எழுதினாள். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லியே எழுதச் சொன்னாள் கண்ணகி. பத்தே காலுக்கு மனுவைக் கொடுத்தோம். குமாஸ்தா பக்கங்களை எண்ணிப் பார்த்து, ரசீதில் முத்திரை குத்திக் கண்ணகி கையில் கொடுத்தார்.

நாலாவது காப்பியை ஜாஹிரா அவளிடம் தந்தாள். "ரேஷன் கார்டு வைக்கிற எடத்துல வை. இந்தப் பெட்டிய நம்பாத."

கடைக்குத் திரும்பி வந்து என்னிடம் கொஞ்சம் பிளாஸ்திரி கேட்டாள். என் பையில் எப்போதும் இருக்கும். ஒரு துண்டு வெட்டி அந்தக் கறுப்புத் தொப்பியின்மேல் ஒட்டினாள். அடுத்து அப்பாவை அனுப்பி ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கிவரச் சொன்னாள். கம்ப்யூட்டரைப் போடாமல், முப்பத்தொன்பது குடும்பத்தையும் முதல் பெயரிலிருந்து கையால் எழுத உட்கார்ந்தாள்.