வாட்ச் யார் கையில் இருந்தது?

இதயத்துடிப்பு சீராக இல்லை என்று என் ஸ்மார்ட்வாட்ச் ஒரே வாரத்தில் பலமுறை எச்சரித்ததும், எனக்குத் தூக்கமே போய்விட்டது. பயந்துபோய் அல்சூரில் ஒரு டாக்டரிடம் ஓடினேன்.

ஈசிஜி தாளை அவர் என் பக்கம் திருப்பினார். “ஒவ்வொரு பெரிய முனைக்கு முன்னாடியும் சின்னதா ஒரு மேடு இருக்கு பாருங்க. இடைவெளியும் ஒரே சீரா இருக்கு. வாட்ச் சந்தேகப்படுற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தோட மேலறை தாறுமாறா துடிக்கிற நோய்னா அந்த மேடு இருக்காது, இடைவெளி தாறுமாறா இருக்கும். ஆனா அது வந்து வந்து போறதும் உண்டு. வாட்ச் சொன்னதெல்லாம் காலை நேரத்துலயே இருக்கே, அப்போ என்ன பண்ணிட்டு இருப்பீங்க?”

சட்டென்று நினைவு வந்தது. ஆபீஸில் யார் அதிகம் நடக்கிறார்கள் என்று ஒரு போட்டி. தினமும் காலையில் வாட்சைக் கழற்றி, வீட்டு வேலைக்கு வரும் தேவகி அக்கா கையில் கட்டிவிடுவேன். அவர் பெருக்கித் துடைக்கும் நடையெல்லாம் என் கணக்கில் ஏறும்.

“அப்பாடா, அது நான் இல்ல டாக்டர்!” என்று சிரித்தே விட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. “அப்போ யாரு?”

நேராக மர்பி டவுனில் இருக்கும் தேவகி அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் என்னைக் கண்டதும் அவர் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மணிக்கட்டை நீட்டினார். “இன்னைக்கு ஸ்டெப்ஸ் கம்மியாயிடுச்சா சார்?”

அன்று மாலையே அவருக்கும் ஈசிஜி எடுத்தோம். அந்தச் சின்ன மேட்டைத் தாள் முழுக்கத் தேடினேன், எங்கும் இல்லை. “மாடி ஏறினா மூச்சு வாங்குது சார்” என்று அவர் சொன்னபோதெல்லாம், “மெதுவா வாங்கக்கா” என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். ஆனால், நான் இல்லை என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்ததே, அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.