பயப்படாமல் கிளறுங்கள்

எங்கள் லைன் வீடுகளில் அப்போது இரண்டு கட்சிகள் இருந்தன. ஒன்று, சனிக்கிழமை மத்தியானம் டிவியில் சமைத்துக் காட்டிய பட்டுப்புடவை அம்மாவின் கட்சி. அதற்குத் தலைவி பெரியம்மா, ஏனென்றால் டிவி இருந்தது எங்கள் அடுத்த வீடான அவர் வீட்டில்தான். சோமனூர்த் தறிக்குடோன்களில் வேலை செய்த பெண்கள், ஷிப்ட் இல்லாத நேரத்தில் அங்கே கூடி, அந்த அம்மா மெல்லிய குரலில் பேசிக்கொண்டே கொத்தமல்லி தூவுவதைச் சொக்கிப்போய்ப் பார்ப்பார்கள். இன்னொரு கட்சியில் என் அம்மா மட்டும்தான் இருந்தாள்.

"வாய்க்குள்ளயே பேசறா. பக்கத்து ஊட்டுக்குத் தெரியாமச் சமைக்கறவ எதுக்குங்க்கா டிவில வந்து சமைக்கோணும்?" என்று கேட்டுவிட்டுப் பாதியில் எழுந்து வந்துவிடுவாள்.

அம்மாவுக்குப் பிடித்தவர் ஒரு வார இதழில் சமையல் பக்கம் எழுதிய பெண்மணி. முதலாளி வீட்டில் படித்துத் தீர்ந்த இதழ்கள் எங்களுக்கு வரும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எழுத்துத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். ஆகவே அந்த எழுத்தாளர் அம்மாவிடம் பேசியதெல்லாம் என் வாய் வழியாகத்தான்.

படிப்பது தறிக்குடோனில். தறி ஓடும்போது அங்கே பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அம்மா அறுந்த நூலை முடிந்தபடியே, "ம், அப்பறம்?" என்பாள். நான் "கடுகு வெடித்ததும்ம்ம்!" என்று தொண்டை கிழியக் கத்துவேன். பதம் தவறக்கூடிய இடம் வந்தால் அந்த எழுத்தாளர் தவறாமல் ஒரு வரி எழுதுவார்: பயப்படாமல் கிளறுங்கள். அதை நான் முழங்கும்போது பக்கத்துத் தறி அண்ணன், "செரிங்க சாமி, பயப்படுலீங்க!" என்று பதில் கத்துவார். குடோனே சிரிக்கும். நான் சிரிக்கமாட்டேன். எனக்கு அது அவ்வளவு பொறுப்பான வேலை.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருஷம், தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்பு பெரியப்பா அப்பாவிடம் சொன்னார். "அஞ்சு முடிஞ்சதும் பையனைத் தார் சுத்த உட்டுரு. கையெழுத்துப் போடப் பழகிட்டான். அதுக்கு மேல படிச்சு என்ன பண்ணப்போறான்?"

தறிக்கு நூல்தார் சுற்றுவது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு முதல் வேலை. அண்ணன் சொன்னால் அப்பாவுக்கு மறுபேச்சுக் கிடையாது. அம்மாதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "இந்தத் தீவாளிக்கு இவன் படிக்கப் படிக்க நான் மைசூர்பாகு கிண்டறனுங்க மாமா. தின்னு பாத்துட்டுச் சொல்லுங்க, படிப்பு எதுக்காகுதுன்னு."

பெரியம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பையன் கத்தறதைக் கேட்டா பாகு பதம் வருமா அம்மணி? எங்க டிவிக்காரம்மாவும் அதைத்தான் செஞ்சு காட்டப்போறாங்க. கண்ணுல பாத்துச் செய்யறது எங்க, காதுல கேட்டுச் செய்யறது எங்க!"

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் தறிகள் நின்றுவிட்டன. அந்த அமைதி எங்களுக்குப் பழக்கமில்லாதது. நடந்தால் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும். அம்மா அடுப்பைப் பற்றவைத்து, சர்க்கரையும் தண்ணீரும் வைத்துவிட்டு என்னை எதிரே நிற்கவைத்தாள்.

ஆரம்பித்தேன்.

"சத்தமாப் படி சாமி."

குடோன் குரலுக்கு ஏற்றினேன்.

"இன்னும் சத்தமா!"

ஊரே அமைதியாக இருந்த அந்த மத்தியானத்தில் நான் ஒற்றைக் கம்பிப் பதத்தை ஊருக்கே அறிவித்தேன். கடலைமாவைத் தூவச் சொன்னேன், நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னேன். ஓரம் பிரிந்து நுரைக்கிற நேரம் வந்ததும் முழுத் தெம்போடு "பயப்படாமல் கிளறுங்கள்!" என்றேன். அம்மா கிளறினாள். கண் மட்டும் வாணலியில் நிற்கவில்லை. என் வாய்க்கும் வாணலிக்குமாகப் போய்ப் போய் வந்தது. மகன் படிப்பதைப் பார்ப்பதில் இவளுக்கு எவ்வளவு பெருமை என்று எனக்குப் புல்லரித்தது.

மைசூர்பாகு பொன்னிறத்தில், உள்ளே கூடு கூடாக வந்தது.

மறுநாள் காலை பலகாரத் தட்டுகள் வீட்டுக்கு வீடு போகத் தொடங்கின. கடைசி வீட்டிலிருந்து வந்த தட்டில் மைசூர்பாகு. அதற்கு முந்தின வீட்டுத் தட்டிலும் மைசூர்பாகு. முறுக்கோடு நிறுத்திக்கொள்கிற எதிர்வீட்டு அக்கா கூட, "தம்பி சொன்ன மாதிரியே செஞ்சனுங்க" என்று மைசூர்பாகை நீட்டினாள். லைன் முழுக்க ஒரே பலகாரம், ஒரே பதம்.

பெரியம்மாவின் தட்டு கடைசியாக வந்தது. அதிலும் அதுவே. பெரியம்மாவோடு வந்த பெரியப்பா ஒரு துண்டை வாயில் போட்டு, "உங்க டிவிக்காரம்மா பரவால்லயே" என்றார்.

பெரியம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவ பதம் சொல்லயில கரண்டு போயிருச்சுங்க. நேத்து இந்தப் பையன் கத்துனது செவுத்துக்கு எங்க பக்கம் நல்லாக் கேட்டுது. செஞ்சுபோட்டேன்."

பெரியப்பா இன்னொரு துண்டு எடுத்தார். அதையும் மென்று முடித்தார்.

"ஆறாவதுக்கு எந்தப் பள்ளிக்கோடத்துல சேத்தறீங்க?" என்று அப்பாவைக் கேட்டார்.

அம்மா அப்பாவைப் பார்த்து, "மாமா என்னங்க சொல்றாரு?" என்று கேட்டாள். பெரியப்பா வாயால் அதை இன்னொரு தடவை கேட்கத்தான் ஆசைப்படுகிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன்.

பல வருஷம் கழித்து, வேலைக்குச் சேர்ந்த பிறகு அம்மாவைக் கோயம்புத்தூரில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். "தறியில இருந்தாங்களா?" என்று கேட்டார் அவர். "ரொம்ப வருஷம் முன்னாலயே கேக்கறது குறைய ஆரம்பிச்சிருக்கும்."

அந்தப் பட்டுப்புடவை அம்மாவின் மேல் ஒரு தப்பும் இல்லை. பாவம், நன்றாகத்தான் சமைத்திருப்பார். அந்த எழுத்தாளருக்கு மட்டும், தறிச் சத்தத்துக்கு மேலே கத்த ஓர் ஆள் இருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குக்கூடப் போதுமாயிருந்த குரல், எதிரே இருந்த அம்மாவுக்குப் போதவில்லை. அதனால்தான் அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பெருமையாகவும் இருந்திருக்கும்தான்.