மஞ்சள் தடவிய அழைப்பு

தினகரன் மோதிர விரலை மஞ்சள் கிண்ணத்தில் தோய்த்து, அழைப்புக் கடிதத்தின் மூலைகளில் ஒற்றிக்கொண்டிருக்கிறார். கல்யாணம் எதுவுமில்லை. உள்ளூர் கேபிள் டிவியில் ஞாயிறுதோறும் அவர் நடத்தும் 'சந்திப்பு' நிகழ்ச்சிக்கு விருந்தினரைக் கூப்பிடுகிறாராம்.

மற்ற நாட்களில் பட்டுக் கடையில் விற்பனையாளர். முந்தானை, உடல், கரை எல்லாவற்றையும் விரித்துக் காட்டி, வாடிக்கையாளர் கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிறகுதான் விலையைச் சொல்வார். கடிதமும் அப்படியே. காமாட்சியம்மன் துணை, கேபிள் உரிமையாளர் பெயர், விளம்பரம் தரும் ஜவுளிக்கடைகள், கடைசியில் 'நமது சந்திப்பு வைபவத்துக்குச் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து' என்று ஒரு முழக்கம். என்ன பேசுவது, எதற்காக இவரைக் கூப்பிட்டோம் என்று ஒரு வரி கிடையாது. கேமரா பிடிக்கிற நான் தலையில் அடித்துக்கொள்கிறேன்.

"என்ன பேசணும்னு எழுதுங்க சார்."

"எடுத்த எடுப்புல வேலையச் சொன்னா மரியாதையா இருக்குமாபா? வந்து உக்காந்தப்புறம் சொல்லிக்கலாம்."

வந்தால்தானே உட்கார! போன வாரமும் யாரும் வரவில்லை. காலி நாற்காலிக்கு எதிரே, சட்டையில் மைக்கைக் குத்திக்கொண்டு இவர் மட்டும் வியர்த்துக்கொண்டிருந்தார். உரிமையாளர் யேசுதாஸ் கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்த வாரமும் சேர் காலியா இருந்துச்சுன்னா சினிமா பாட்டு போட்டுருவேன். அப்புறம் என்னாண்ட வந்து நிக்காதபா." நிகழ்ச்சி போனால் மனிதர் பாதியாகிவிடுவார். அதனால்தான் எனக்கு அத்தனை எரிச்சல். நெசவாளர்களின் கண்ணைப் பற்றிப் பேச வாருங்கள் என்று, சின்ன காஞ்சிபுரத்துக் கண் மருத்துவர் ஸுபத்ராவுக்கு நானே நாலு வரி எழுதிக் கொடுத்தேன்.

"தந்தி மாதிரி இருக்குது" என்று அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். தன் மஞ்சள் கடிதத்தை வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார். டாக்டர் இல்லை, கம்பவுண்டரிடம் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கேபிள் டிவி வாசலில் ஆட்டோவிலிருந்து டாக்டர் இறங்கினார். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கையில் பரிசுப் பொட்டலம்.

"கல்யாணம் யாருக்கு? பொண்ணு பேரே போடலையே!"

எனக்கு உயிரே போய்விட்டது. தினகரன் அசரவில்லை. "கல்யாணம் இல்லீங்கமா. நம்ம தறிக்காரங்க பாவம், கண்ணு கெட்டுக்கினு இருக்கறாங்க. நீங்கதான் நல்லது சொல்லணும். உக்காருங்கமா."

டாக்டர் தன் புடவையை ஒருமுறை பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு உட்கார்ந்தார். மங்கலான வெளிச்சத்தில் ஜரிகை இழையைத் தேடும் கண்கள் என்ன பாடு படும் என்று பேச ஆரம்பித்தவரை நிறுத்தவே முடியவில்லை. தயாராக வைத்திருந்த பாட்டு கேசட்டை யேசுதாஸ் திரும்ப அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

டாக்டர் போனதும் தினகரன் என்னைப் பார்த்தார். அடுத்த வாரக் கடிதத்தை என் முன்னால் வைத்து, மஞ்சள் கிண்ணத்தை மெல்ல என் பக்கம் நகர்த்தினார்.