டெனிஷின் கிட்டாருக்கு இரண்டு தடவை பிக்கப் மாற்றிய கதை

அருமனையில் எனக்கு ஒரு சவுண்ட் சர்வீஸ் கடை. கல்யாண வீடு, சர்ச் கன்வென்ஷன், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக்செட் போடுவேன். மழைக்காலத்தில் ஓட்டம் குறையும்போது ஆம்ப்ளிஃபயர், கிட்டார் ரிப்பேர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்வதும் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. டெனிஷ் விஷயத்தில் நான் எவ்வளவு பெரிய மடையனாக இருந்தேன் என்று புரிய இது தெரிந்திருக்க வேண்டும்.

டெனிஷ் என் கூடப் படித்தவன். பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட் வேலை. சர்ச் பாடகர் குழுவில் இருபது வருஷமாக எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறான். அவன் மனைவி ஜெப்சி நர்ஸ். அதே குழுவில் அன்றிலிருந்தே பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ பாடுவாள். பிள்ளைகள் இல்லை. போன அக்டோபரில் ஒரு வருஷ ஒப்பந்தத்தில் அவள் அயர்லாந்துக்குப் போனாள். இரண்டு பேரும் கலந்து பேசி எடுத்த முடிவு என்று ஊரில் சொன்னார்கள். டெனிஷ் என்ன பேசினான் என்று எனக்குத் தெரியும். "உனக்க இஷ்டம்" என்றான். அவ்வளவுதான்.

அவள் போன பிறகு அவன் அழவுமில்லை, குடிக்கவுமில்லை. அப்படி ஏதாவது செய்திருந்தால் நாலு பேர் பிடித்து உட்கார வைத்துப் பேசியிருப்போம். அவன் வேலைக்குப் போனான், வந்தான், காலையிலும் ராத்திரியிலும் அதே புட்டும் பழமும் தின்றான். ஒருநாள் தென்னை மட்டை விழுந்து பைக்கின் ஹெட்லைட் நொறுங்கியது. நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான். மூன்று மாதம் லைட் இல்லாமலே ஓட்டினான். "சொகந்தானாலே?" என்றால், "ஆங்" என்பான். அந்த 'ஆங்'கைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் அவன் வாய் திறந்தது.

"ஷாஜா, கிட்டார்ல கனமே இல்லடே. நூலு மாதிரியாக்கும் சவுண்ட் போவுது. முன்னால இப்பிடி இல்ல."

அவன் சொன்னது நிஜம். சர்ச்சில் கடைசி பெஞ்சு வரை நிரம்பி நின்ற கிட்டார், கொஞ்ச காலமாகக் கீபோர்டுக்குள் முங்கிப் போயிருந்தது. நான் கிட்டாரை வாங்கித் திறந்து பார்த்தேன். கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும்தான். கம்பியின் அதிர்வைக் கரண்டாக்கி ஆம்புக்கு அனுப்புவது அது. பழைய பிக்கப்பை மீட்டரில் வைத்தால் எட்டு கிலோ ஓம் மின்தடை காட்டியது. குறைவொன்றும் இல்லை. ஆனாலும் வயசான காந்தம், பலம் போயிருக்கும் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். கூடுதல் சுற்றும் கனத்த காந்தமும் உள்ள ஒரு ஜோடி வரவழைத்து, பழையதைக் கழற்றிப் பற்றவைத்தேன். மீட்டரில் பதினாலு; எண் ஏறினால் சத்தமும் ஏறும். கடையில் வாசித்துப் பார்த்தபோது அலமாரிக் கண்ணாடி நடுங்கியது.

டெனிஷ் தலையாட்டினான். பதினொரு மாதத்தில் அவன் முகத்தில் ஒரு அசைவைப் பார்த்தது அன்றுதான். எனக்கு உள்ளுக்குள் அத்தனை சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசித்தான். அதே நூல்.

மறுநாள் கடையில் அவன் உட்கார்ந்திருந்தபோது ஜெப்சி வீடியோவில் வந்தாள். அவன் போனை எப்போதும் முகத்துக்கு நேரே பிடித்துச் சத்தமாகத்தான் பேசுவான். நம் காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

"இஞ்ச இன்னும் மூணு வருசத்துக்கு ஒப்பந்தம் நீட்டித் தாறாவளாம். முப்பதாம் தேதிக்குள்ள ஒப்பு போட்டுக் குடுக்கணும். என்ன செய்யட்டு?"

"உனக்க இஷ்டம். பிக்கப் மாத்தியும் சவுண்ட் வரல்ல, கேட்டியா? ஷாஜன் காந்தத்தத்தான் குத்தம் சொல்லுகான்."

 "இஞ்ச நல்ல பிக்கப் கிட்டும். கூட வேல பாக்குற ஸ்ரீஜித் லீவுக்கு ஊருக்கு வாறான், அவன்கிட்ட குடுத்து விடட்டா?" என்றாள்.

ஸ்ரீஜித் கொண்டுவந்த டப்பா, சாக்லேட்டுக்கும் தைல பாட்டிலுக்கும் நடுவில் பத்திரமாக இருந்தது. மீட்டரில் பதினாறு. பற்றவைத்தேன். கம்பிக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்கலாமோ அவ்வளவு உயர்த்தினேன். இன்னும் கொஞ்சம் உயர்த்தினால் காந்தமே கம்பியை இழுத்துச் சுருதியைக் கெடுத்துவிடும். அதற்குள் ஜெப்சி அதே ஒப்பந்தக் கேள்வியை இன்னும் இரண்டு தடவை கேட்டிருந்தாள். டெனிஷ் ஒரு தடவை காந்தத்தின் வகையைச் சொன்னான், ஒரு தடவை ஓம் கணக்கைச் சொன்னான். "சொல்லித் தொலையேம்லே, அவளுக்கு ஒரு பதில்" என்று நான் கத்தினேன். "கை மரத்தது போல இருக்கு மக்கா. எத தொட்டாலும் தெரியல்ல. இது மட்டும் செரியாவட்டு" என்றான்.

சர்ச்சில் அந்தப் பதினாறும் நூலாகத்தான் போனது. ஆம்ப் கரகரத்ததே தவிர, சத்தம் சபைக்குப் போய்ச் சேரவில்லை.

செப்டம்பர் இருபத்தெட்டு, சனிக்கிழமை சாயங்காலம். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்குப் பாட்டுப் பயிற்சி. தனிப்பாட்டுக்கு வேறு சபையிலிருந்து ஷைஜா என்ற பெண் வந்திருந்தாள். எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் போனவர்களின் பெயர் சபை ரிஜிஸ்டரில் இருக்கிறவரை அவர்கள் நின்ற இடத்தில் வேறு யாரும் நிற்பதில்லை. அவர்கள் மைக்கையும் எடுப்பதில்லை. மிக்ஸரில் ஊமையாக்கி அப்படியே விட்டு வைப்போம். லீவில் வந்தால் நேரே வந்து நின்று பாடலாம். ஷைஜாவுக்கு இது தெரியாது. நேராகப் போய் ஜெப்சியின் மைக் முன்னால் நின்றாள். விருந்தாளியை எப்படி விரட்டுவது? நான் மிக்ஸரில் அந்த மைக்கின் சத்தத்தை மெதுவாக ஏற்றினேன்.

ஷைஜா இன்னும் வாய் திறக்கவில்லை. டெனிஷின் கிட்டார் கட்டிடம் முழுக்க நிரம்பியது.

டெனிஷ் வாசிப்பதை நிறுத்திவிட்டான். நான் மைக்கை இறக்கி, "ஒருக்கா வாசிலே" என்றேன். நூல். ஏற்றினேன். தடித்து, உருண்டு வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிட்டாருக்கு மிக்ஸரில் தனி இணைப்பு கிடையாது. அவன் ஆம்ப் தரையில், ஜெப்சி நிற்கிற இடத்துக்குப் பின்னால் இருக்கும்; அதன் சத்தம் அவள் மைக்கில் விழுந்துதான் ஸ்பீக்கருக்குப் போகும். இருபது வருஷமாக அந்தக் கிட்டாரை ஊருக்குக் கேட்க வைத்தது அவள் மைக். அவள் போன அன்று, மரியாதை என்று நினைத்து, அதை இறக்கி வைத்தது என் கை. பிறகு அதே கையால் இரண்டு தடவை பிக்கப் மாற்றியிருக்கிறேன். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

பக்கத்தில் போய்ச் சொன்னேன். "பிக்கப்ல ஒரு குத்தமும் இல்ல மக்கா. பழசுலயும் இல்ல. அவளுக்க மைக்காக்கும்."

நன்றாக நாலு வார்த்தை திட்டுவான் என்று நினைத்தேன். அவன் அந்த மைக்கைப் பார்த்தான். "அப்பம் கிட்டார் செரியாத்தான் இருந்திருக்கு" என்றான். கிட்டாரைக் கழற்றி நாற்காலியில் சாய்த்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான். மன்னிப்புக் கேட்கலாம் என்று நானும் பின்னால் போனேன். சர்ச் பக்கவாட்டுப் படியில் உட்கார்ந்திருந்தான். போனில் ஜெப்சி, வேலை உடுப்போடு.

"ஜெப்சி, ஒப்பு போடாத. வந்துரு. எனக்கு நீ இல்லாம ஒண்ணும் ஆவல்ல." மூச்சு விடாமல் சொன்னான். 

அவள் போனைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

"வியாழக்கிழமையே போட்டுக் குடுத்தாச்சே" என்றாள்.

"முப்பது வரைக்கும் இருக்குல்லா?"

"மூணு தடவ கேட்டேன். வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லுவியன்னு பாத்தேன். நீங்க மூணு தடவையும் பிக்கப்பப் பத்தியில்லா சொன்னிய. செரி, இவியளுக்கு நான் வேண்டாம்போலன்னு நெனச்சு..." அவள் முகத்தைத் துடைப்பது தெரிந்தது. யாரோ அவளை வார்டுக்குக் கூப்பிட்டார்கள். இதோ வருகிறேன் என்று அந்தப் பக்கம் இங்கிலீஷில் சொல்லிவிட்டுத் திரும்பினாள். 

"நான் குடுத்து விட்டத வச்சுப் பாத்தியளா? இப்பம் சவுண்ட் கேக்குதா?"

"கேக்குது" என்றான் டெனிஷ்.